பாதிக் கழுத்து

ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் வரிசையிலிருந்து அவனை நிறுத்தி ஒன்பது நாளாயிற்று. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, சொரசொரவென்று ஒரு பட்டை. மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: "தொத்து வியாதியோ என்னவோ. டாக்டர் சீட்டோட வா. சனிக்கிழமை தாண்டினா வேற ஆள்."

மனைவி கட்டட வேலையில் கலவை சுமப்பவள். எது அழுக்கு, எது தோல் என்று தனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாள். இரண்டு மாதம் சோப்பு போட்டுத் தேய்த்தாள். பிறகு தரை தேய்க்கும் பிரஷ். தோல் சிவந்தது. கறுப்பு அசையவில்லை.

"அழுக்கா இருந்தா நான் தேய்ச்ச தேய்ப்புக்கு எலும்பே தெரிஞ்சிருக்கும்," என்றாள் தோல் டாக்டரம்மாவிடம்.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தினம் குளிக்கிறீங்களா?"

"ரெண்டு வேளை. இவ விடுறதில்ல."

டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வலப்பக்கம் அழுத்தித் துடைத்தார். பஞ்சு பழுப்பானது. கழுத்து பழைய கழுத்தானது.

"இதுதான் சோதனை, வைத்தியமும் இதுதான். செத்த தோல் உதிராம அடுக்கடுக்கா இறுகிடும். சோப்புக்குப் போகாது, ஸ்பிரிட்டுக்குப் போகும். அழுக்கும் இல்ல, தொத்தும் இல்ல."

மனைவி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு மாசம்," என்றாள்.

இடப்பக்கம் துடைக்கப் போனபோது அவன் சட்டைக் காலரைத் தூக்கிக்கொண்டான். "இது இருக்கட்டும் மேடம்."

"எதுக்கு?"

"மொத்தமும் போயிட்டா, இத்தனை நாள் குளிக்காமதான் வந்தேன்னு சொல்லிடுவாங்க. அங்க அழுக்குக்கும் வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க."

டாக்டர் சீட்டு எழுதி, சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட்டும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆலை வாசலில் மேற்பார்வையாளர் சீட்டை இரண்டு முறை படித்தார். நம்பவில்லை. அவன் கை கழுவும் குழாயடியில் அவர் எதிரிலேயே இடப்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காட்டினான். கறுப்பு அப்படியே இருந்தது. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நீட்டினான்.

"நீங்களே துடைங்க சார்."

அவர் கையுறைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டு துடைத்தார். பஞ்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொப்பி போட்டுட்டு உள்ள போ. பாட்டிலை வெச்சிட்டுப் போ."

மறுநாள் வாசலில் மேசை போட்டு ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்திருந்தார்கள். கழுத்தைத் துடைத்துப் பார்க்காமல் யாரையும் உள்ளே விடக் கூடாதென்று உத்தரவு. நாற்பது பேர் காலரை இறக்கிவிட்டு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற அடுப்புக்காரர் திரும்பினார்.

"ஏம்ப்பா, குளிக்காதவன்னு பேர் வாங்கிட்டுப் பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாம் இல்ல?"

"அப்புறம் வேலை?" என்றான் அவன்.