பதினெட்டுப் படங்களில் ஒரு வீடு

புகைப்படக்காரிக்கு ஒரு நூலகம் வேண்டியிருந்தது. உட்கார்ந்து படிக்க அல்ல, படம் எடுக்க. புதிதாகக் கட்டப்போகும் ஒரு பெரிய நூலகத்தை அஸ்திவாரம் தோண்டும் நாளிலிருந்து கதவு திறக்கும் நாள்வரை, இரண்டு வருடம் கூடவே இருந்து படம்பிடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வருடமாகக் கட்டடங்களை மட்டுமே எடுத்துவருகிறவள். இதேபோல மூன்று வேலைகள் கைக்கு எட்டி நழுவிப் போயிருந்தன. மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: ‘உங்கள் இணையதளத்தைப் பார்த்தோம், நன்றி.’

கோளாறு அந்த இணையதளத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்கே சந்தேகம் வந்தபோது, வேறு வழியில்லாமல் நாத்தனாரிடம் போனாள். கணவனின் தங்கை, இணையதளம் வடிவமைப்பது தொழில். வீட்டில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். சின்ன வயதில் அண்ணனின் புதுச் சட்டைக் காலரை ‘நல்லால்ல’ என்று வெட்டி எறிந்ததில் வந்த பெயர் அது. நாக்கும் அதற்கேற்றபடிதான் வளர்ந்திருந்தது. அண்ணிக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரே வீட்டில் ஒரு வருடம் இருந்தார்கள். அப்போதும் சரி, அதற்குப் பிந்தைய ஐந்து வருடங்களிலும் சரி, “சாப்ட்டீங்களா அண்ணி?”, “ஆச்சும்மா” என்பதற்கு மேல் போனதில்லை. தன்னை அவளுக்குப் பிடிக்காது என்று புகைப்படக்காரி எப்போதோ முடிவுகட்டியிருந்தாள்.

போனது வெள்ளிக்கிழமை. நூலகத்தைக் கட்டும் ஆர்க்கிடெக்ட் எல்லோருடைய இணையதளங்களையும் பார்க்கப்போவது திங்கட்கிழமை.

கத்திரியின் மேசையில் இரண்டு பெரிய திரைகள் இருந்தன. அவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பறையிலிருந்து மூலை உடைந்த பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள். அங்கே வெயில் நேராக முகத்தில் அடித்தது. சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது.

“இங்க எதுக்கும்மா?”

“உங்க தளத்தைப் பாக்கறவங்க இப்படித்தான் அண்ணி பாப்பாங்க.”

போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை கறுத்தது. தங்க எழுத்தில் புகைப்படக்காரியின் பெயர் ஒவ்வோர் எழுத்தாகப் பறந்து வந்து உட்கார்ந்தது. திடீரென்று பியானோ முழங்க, காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் முதல் படமே வந்தது. அதன் நட்டநடுவிலும் அவள் பெயர் முத்திரை குத்தியிருந்தது.

“என் ரூம்ல டக்குனு வருமே.”

“ஆர்க்கிடெக்ட் உங்க ரூமுக்கு வந்தா பாக்கப்போறாரு? சரி, பேரை எதுக்குப் படத்து நடுவுல குத்தி வச்சிருக்கீங்க?”

“யாராவது திருடிட்டா?”

“யாருமே பாக்காத படத்தை யாரு அண்ணி திருடுவாங்க?”

புகைப்படக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அந்த மூன்று நன்றிகளும் நினைவுக்கு வந்தன.

“மொத்தம் எத்தனை படம்?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“அம்மாடி!”

வெட்டு ஆரம்பித்தது. “இதுக்காக நாலு மணி நேரம் மரத்து மேல உக்காந்திருந்தேன்மா” என்று ஒரு படத்துக்கு வக்காலத்து வாங்கினாள் புகைப்படக்காரி. “அது படத்துல தெரியலியே அண்ணி” என்றாள் கத்திரி. அதுவும் போயிற்று.

ஆனால் கொஞ்ச நேரத்தில் புகைப்படக்காரி படங்களை விட்டுவிட்டு நாத்தனாரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் பெண் எந்தப் படத்தையும் அவசரமாகத் தள்ளவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டாம் என்று ஒதுக்கியதைக்கூட இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பத்து வருடத்தில் தன் படங்களை இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்கள் யார் என்று யோசித்தாள் புகைப்படக்காரி. ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. தானே பார்த்ததில்லை, அதுதான் உண்மை.

சனிக்கிழமை மாலை கத்திரி மறுபடி அவளை மாடிப்படிக்கு அழைத்துப்போனாள்.

இந்த முறை வட்டம் சுற்றவில்லை. வெள்ளைப் பின்னணியில், பாதி திறந்த ஒரு இரும்புக் கதவு சட்டென்று வந்து நின்றது. ஒரு பழைய ஆலையின் வாயில். விரலால் தள்ளினால் கல் படிகள், அவை ஒரு நீதிமன்றத்தினுடையவை. அடுத்து கைபட்டுக் கைபட்டு வழவழத்த கைப்பிடி. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளை ஒட்டிய நீண்ட நடை. அந்த நடையின் கோடியில் விழுந்த வெயில், அடுத்த படத்தில் ஒரு மருத்துவமனை ஜன்னலாக விரிந்தது. ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் இடமும் வருடமும். வேறு ஒரு அலங்காரமும் இல்லை. கடைசியில் தொலைபேசி எண், கட்டைவிரலுக்கு எட்டுகிற அளவில்.

மொத்தம் பதினெட்டே படங்கள். பதினெட்டும் வெவ்வேறு கட்டடங்கள். ஆனால் வாசலில் நுழைந்து, படியேறி, நடையில் நடந்து, ஒரே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது போலிருந்தது. புகைப்படக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதெல்லாம் நான் எடுத்ததா?” என்றாள் அசடு வழிய.

“பின்னே நானா எடுத்தேன்?”

கடைசிப் படம்தான் உறுத்தியது. இருண்ட நடை, மூடிய கதவு, கதவின் அடியில் கீற்றாக மத்தியான வெயில். மாமியார் வீட்டில், கல்யாணமான புதிதில் எடுத்தது. நானூற்றுப் பன்னிரண்டில் எங்கோ மூலையில் கிடந்தது.

“இது நம்ம வீடுதானே? உன் ரூம் கதவு. இதை எடுத்துடும்மா. உள்ள வந்தவங்களைக் கடைசியில ‘போயிட்டு வாங்க’ன்னு விரட்டற மாதிரி இருக்கு.”

மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்று நாலையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டியவள் முகம் சிறுத்துவிட்டது. “இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் அண்ணி” என்றாள். கத்திரி கெஞ்சிப் புகைப்படக்காரி கேட்டதே இல்லை. சரி என்றாள்.

திங்கட்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நாத்தனார் வீட்டிலேயே போய் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு போன் அடித்தது. இருவரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

“மேடம், நான் நூலக ஆர்க்கிடெக்ட். சைட்ல மணல் மேல நின்னுக்கிட்டே உங்களோடதைப் பாத்தேன். எந்த ஊர் வீடு இதுன்னு கேக்கத்தான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் கீழ எழுதியிருக்கறதைப் படிச்சேன். நல்லா ஏமாந்தேன் போங்க! திரும்ப முதல்லேர்ந்து பாத்தேன். புதன்கிழமை தோண்ட ஆரம்பிக்கறோம், வந்துடுங்க.”

கத்திரி மேசைக்கு அந்தப் பக்கம் துள்ளிக் குதித்தாள்.

“இன்னொண்ணு மேடம். அந்தக் கடைசிக் கதவுக்குப் பின்னால நிக்கறது யாரு?”

“ஆளா? அதுல ஆளே இல்லியே சார்.”

“நல்லாப் பாருங்க.”

உடைந்த போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். கதவடியில் இருந்த வெயில் கீற்றின் நடுவே இரண்டு சின்ன நிழல்கள். இரண்டு பாதங்கள். கதவை ஒட்டி, அசையாமல். தானே எடுத்த படத்தில் ஆறு வருடமாகத் தன் கண்ணில் படாதவை.

நிமிர்ந்தாள். கத்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க வெளியில நிக்கறது தெரிஞ்சுது அண்ணி” என்றாள் மெதுவாக. “தட்டுவீங்கன்னு நானும் நின்னுட்டே இருந்தேன். கேமரா சத்தம் மட்டும்தான் கேட்டுது.”

“நீ படிச்சுட்டிருப்பே, தொந்தரவு வேணாம்னு…” புகைப்படக்காரி கையை நீட்டி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்” என்றாள். “அது என் நாத்தனார். இப்ப இங்கதான் இருக்கா, என் பக்கத்துல.”