துஷாராவுக்கு ஒரு கசெற்

யாழ்ப்பாணத்திலிருந்து வீட்டார் பேசிப் பதிந்து அனுப்பிய கடைசிக் கசெற்றுகளில் மகள் துஷாராவின் குரல் இல்லை. மனைவி சுசீலாதேவி பேசியிருந்தாள். சின்னவன் நிதுஷன் தேவாரம் பாடியிருந்தான். மகள் மட்டும் கதைக்கமாட்டேன் என்றுவிட்டாளாம். டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் வேறு மூவரோடு ஓர் அறையில் ஒண்டியிருந்த சண்முகலிங்கத்துக்கு அது நெஞ்சைக் குடைந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளையின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அடுத்த மாதம் விசா வந்துவிடும் என்று கசெற்றுக்குக் கசெற் சொல்லி வந்தவர் அவர்தான். குடும்பத்தைக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பமோ ஒரு வருடமாக அசையவில்லை. அதைச் சொல்ல மனிதருக்கு வாய் வரவில்லை.

மகளை எப்படியாவது பேசவைக்க வேண்டும். டெனிஷ் படிக்க நூலகத்தில் எடுத்த சிறுவர் புத்தகமொன்று கைகொடுத்தது. ஞாயிறு மத்தியானம் மற்றவர்களைக் கடைக்கு அனுப்பிவிட்டு ரெக்கோடரை முன்னால் வைத்துக்கொண்டார்.

"துஷாக்குட்டி, அமெரிக்காவிலை வேரா ரூபின் எண்டு ஒரு மனிசி இருக்கிறா. சின்னனிலையே யன்னலாலை நட்சத்திரம் பாத்துக்கொண்டு கிடக்கிறவவாம். பெரிசானாப் பிறகு, நட்சத்திரக் கூட்டம் சுத்திற வேகத்தை அளந்து பாத்தவ. நடுவிலை இருக்கிற மாதிரியே ஓரத்திலை இருக்கிறதுகளும் பறக்குது. அந்த வேகத்துக்கு எப்பவோ சிதறியிருக்கவேணும். சிதறேல்லை. அப்ப, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்டு இழுத்துப் பிடிச்சிருக்கு. அதைத்தான் இருட்பொருள் எண்டு சொல்லுகினம். அது என்னெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதாம்."

கதை நன்றாகத்தான் போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், "அடுத்த மாதம் விசா வரும், குஞ்சு" என்று கடைசியில் சேர்த்துவிட்டார்.

பதில் வர ஒன்றரை மாதமானது. தாய் பேசி முடித்ததும் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, அந்த மனிசி அளந்து பாத்துத்தானே சொன்னவ. தெரியாததைத் தெரியாது எண்டும் சொல்லியிருக்கினம். நீங்கள் என்னத்தைப் பாத்து விசா வரும் எண்டு சொல்லுறியள்?"

அறையில் கூட இருந்த பாலேந்திரா, "பெட்டை கெட்டிக்காரி, அண்ணை" என்று சிரித்தான். சண்முகலிங்கத்துக்குப் பிள்ளையின் குரலைக் கேட்ட சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அடுத்த ஞாயிறுவரை தள்ளிப்போடாமல் அன்றைக்கே புதுக் கசெற் போட்டார்.

"துஷா, விசா எப்ப வரும் எண்டு அப்பாவுக்குத் தெரியாது. வருமோ எண்டும் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் போய்க் கேக்கிறன். பொறுங்கோ எண்டுகினம். இவ்வளவுதான் அம்மா நான் பாத்தது."