சுவருக்கு அப்பால் ஒரு சாட்சி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எவரிஸ்தோவின் கம்பிக்கதவைச் சாவிக்கொத்தால் தட்டினேன். பக்கத்து வீடுதான், ஒரே சுவர்தான்; ஆனால் அந்த ஆளோடு பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் இடுப்பில் இருந்த கோப்பு ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். ஓய்வூதியச் சான்று, ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, நான் இதுவரை யாரையும் கொலை செய்ததில்லை என்று போலீஸ் தந்த காகிதம், ஒவ்வொன்றின் மேலும் முத்திரை, முத்திரை உண்மைதான் என்பதற்கு இன்னொரு முத்திரை. போலீஸ் காகிதத்துக்கு ஆயுள் தொண்ணூறு நாள். எண்பத்தாறு கழிந்துவிட்டது. திங்கட்கிழமை போகோத்தாவில், விசாவுக்காக ஸ்பெயின் தூதரகத்தின் ஜன்னல் முன்னால் நான் நிற்க வேண்டும். நிற்பேன். தவழ்ந்தாவது போய் நிற்பேன்.

கோப்பில் இல்லாதது ஒரே ஒரு காகிதம்தான். ஃபெர்மினும் நானும் முப்பத்தேழு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கான அத்தாட்சி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விசா என் பெயரில் வரும். ஆயுள் முழுக்க ஊராரின் மின்விசிறிகளைப் பழுதுபார்த்த ஃபெர்மினுக்கு எவனும் ஓய்வூதியம் தரவில்லை. என் விசாவைத் தொற்றிக்கொண்டுதான் அவர் வர முடியும். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷா வருஷம் கார்னிவல் திருவிழாவுக்கு அவர் கேட்பார், நான் மாட்டேன் என்பேன். மறுப்பதில் எனக்கு ஒரு ருசி. இப்போது அவசரமாகத் தாலி கட்டுவதுபோல் மோதிரம் மாற்றினால் தூதரகத்துக்குச் சந்தேகம் வருமாம். ஸ்பெயினில், அலிகாந்தேயில் இருக்கும் எங்கள் மகளின் பிறப்புச் சான்றை நீட்டினேன். பிள்ளை பெற ஒரு நாள் போதும், சேர்ந்து வாழ்ந்ததற்குத்தான் அத்தாட்சி வேண்டும் என்றான் தூதரகத்துக் குமாஸ்தா. உறவில்லாத இரண்டு பேர், ஆரம்பத்திலிருந்து அறிந்தவர்கள், நோட்டரி முன் சத்தியம் செய்ய வேண்டும்.

முதல் சாட்சி கடைக்கார திக்னா. இரண்டாவதுக்கு எங்கே போவது? எங்கள் தெருவின் பழைய ஆட்களில் பாதிப் பேர் கல்லறையில், மீதிப் பேர் மியாமியில். மிஞ்சியது எவரிஸ்தோ. எவரிஸ்தோவும் அவர் பிக்கோவும். அலமாரி அளவு ஒலிபெருக்கி, முகப்பில் மின்னலைக் கடித்துக்கொண்டிருக்கும் புலி. சனிக்கிழமை அதைப் போட்டால் என் சமையலறைத் தட்டுகள் அலமாரியில் தாமாக நடக்கும். ஒருமுறை அங்கிருந்த புனித அந்தோணியார் சிலை காதைப் பொத்திக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். பதினைந்து வருஷம் பொறுத்தேன். பிறகு ஒரு கார்னிவல் சனிக்கிழமை, ஃபெர்மின் காய்ச்சலில் கிடந்தபோது, நேரே போய் அந்தப் புலியின் வாயில் ஒரு பானை மீன்சாற்றைக் கொட்டினேன், மரவள்ளிக்கிழங்கோடு. ஒரு கரண்டிதான் என்று ஃபெர்மின் சொல்வார், நம்பாதீர்கள். பெட்டி பதினோரு நாள் ஊமையாகிப் போனது. இந்த வெற்றியை எங்கள் பாரன்கியா நகரம் முழுக்க நாலாயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன்.

கதவு திறந்தது. எவரிஸ்தோ பனியனோடு நின்றார்.

"யாரு செத்தா?"

யாரும் சாகவில்லை, சாட்சி வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"வரேன். ஆனா இன்னைக்குச் சாயங்காலம் என் பெட்டி முன்னால உக்காந்து ஒரு பாட்டு முழுசா கேக்கணும்."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"நல்ல பாட்டாத்தான் போடுவேன், பயப்படாதீங்க."

நோட்டரி அலுவலகத்தில் திக்னா மளமளவென்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டாள். அடுத்து எவரிஸ்தோ. இவர்கள் வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா என்று தட்டச்சுக்காரப் பெண் கேட்டாள்.

"ஒருநாளும் போனதில்ல."

அவள் விரல்கள் நின்றன. ஃபெர்மின் என் முழங்கையைப் பிடித்தார். அறுபத்தெட்டு வயதில் இந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டு நான் எந்தக் கடலைத் தாண்டுவது?

"அப்புறம் எப்படிங்க தெரியும்?"

"சுவர் வழியா," என்றார் எவரிஸ்தோ. "பத்து மணிக்கு இவரு குறட்டை. பதினொண்ணுக்கு இந்தம்மா ஒரு உதை. அஞ்சு நிமிஷம் நிக்கும், மறுபடி ஆரம்பம். முப்பத்தேழு வருஷம், பாப்பா. பிரிஞ்சிருந்தா மொதல்ல நிம்மதியாத் தூங்கியிருப்பது நான்தான்."

அவள் தட்டச்சு செய்தாள். அவர் நிறுத்தவில்லை.

"ஒரே ஒரு தடவை குறட்டை நின்னுபோச்சு. நிமோனியா. இந்தம்மா அவர் பேரையே சொல்லிச் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டிருந்துச்சு. பதினோரு நாள் நான் பெட்டியைப் போடல. குறட்டை திரும்ப வந்த அன்னைக்குத்தான் போட்டேன். சாறு ஊத்தினதால கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும்னு விட்டுட்டேன். அது ஒரு கரண்டிதான்."

"சாறையும் எழுதணுமா?" என்றாள் அவள்.

"எழுதறதுன்னா ஒரு பானைன்னு எழுதும்மா," என்றேன். கோப்பைத் திறந்து, அடுக்கியிருந்த காகிதங்களை மறுபடி அடுக்கினேன்.

எவரிஸ்தோ மையில் விரலைத் தோய்த்துக் கைரேகை வைத்தார். முத்திரை விழுந்தது. படியிறங்கும்போது, வீட்டை யாருக்கு விடப்போகிறோம் என்று கேட்டார். காது கேட்காதவர்களாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் என் சாய்வு நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய்ப் புலியின் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். கோப்பு மடியில், அதைத் தனியாக விட எனக்கு மனமில்லை. பாட்டின் முதல் தாள அடி நெஞ்சில் விழுந்தது. காகிதங்கள் படபடத்தன, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். பாட்டு முடிந்தது. பேச்சுப்படி நான் எழுந்திருக்கலாம். எவரிஸ்தோ அடுத்த இசைத்தட்டை உறையிலிருந்து பாதி இழுத்துவிட்டு, மையின் நீலம் போகாத விரலோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

நாற்காலியை ஓரடி முன்னால் இழுத்துப் போட்டேன். சுவருக்கு அப்பால், என் சமையலறையில், தட்டுகள் மறுபடி நடக்கத் தொடங்கின.