வெறும் மடி

மகாவலி ஆற்றுத் தண்ணீர் கட்டைபறிச்சான் ஊருக்குள் ஏறிய அன்று, இன்பமலர் தன் நாலு ஆடுகளையும் பாதி கட்டிக் கிடந்த சந்தைக் கட்டடத்தில் கொண்டுவந்து கட்டினாள். உயரமான சீமெந்துத் தரை, கூரையும் ஒழுகவில்லை. ஆடு வாங்கி விற்கும் ஹிஸ்புல்லா தன் கிடாய்களோடு ஒரு பக்கம் பிடித்திருந்தார். மறு மூலையில் பல்கீஸ் என்ற இளம்பெண், சாக்கில் சுற்றிய ஓர் ஆட்டுக்குட்டியோடு இருந்தாள். இன்னும் சில குடும்பங்களும் அங்கே ஒதுங்கியிருந்தன.

மூன்றாம் நாள் ஆடுகளுக்குக் குழை வெட்டிக்கொண்டு திரும்பிய இன்பமலர், செவலை மறியாட்டின் மடியைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். காலையில் கனத்திருந்த மடி வெறும் தோலாய்த் தொங்கியது. அதன் பத்து நாள் குட்டியோ கூடைக்குள் பசியில் கத்திக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் விழுந்துவிடுமென்று, போகும்போதெல்லாம் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டுத்தான் போவாள். அப்படியென்றால் யாரோ கறந்திருக்கிறார்கள்.

"நனைஞ்ச புல்லுத் திண்டா பால் வத்தும், தங்கச்சி," என்றார் ஹிஸ்புல்லா, அவள் கேட்காமலே. "குட்டியும் மெலியுது. ரெண்டையும் எனக்குத் தந்திடுங்க."

அவள் புல்லே போடவில்லை. பூவரசங்குழைதான், அதுவும் ஈரத்தை உதறிப் போட்டது. மழைக்கு முன்னும் இதே மறியை இரண்டு தரம் விலை கேட்டவர் இவர்.

அடுத்த நாளும் மடி வெறுமையாயிருந்தது. அவருடைய கோப்பையை எட்டிப் பார்த்தாள். பால் தேத்தண்ணி.

"பால் ஏது நானா?"

"நிவாரணத்தில பால்மா பக்கெற் தந்தவங்க. ஏன்?"

"பக்கெற்றோ, என்ர மறியோ? குட்டியைப் பட்டினி போட்டா நான் வித்துப்போடுவன் எண்டுதானே பாக்கிறீங்கள்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹிஸ்புல்லா கோப்பையைக் கீழே வைத்தார். கிடாய்களை அவிழ்த்து, கொட்டும் மழையில் நடத்திக்கொண்டு போய், றோட்டோரத்தில் தறப்பாள் கட்டித் தங்கினார்.

மறுநாளும் மடி வற்றித்தான் கிடந்தது.

அதற்கடுத்த நாள் இன்பமலர் குழைக்குப் போவதுபோல் இறங்கி, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கத்தால் ஏறி வந்தாள். செவலை மறி காலை உதைத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. பல்கீஸ் அதன் கொம்பைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருந்தாள். அவளுடைய குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

"பல்கீஸ்!"

அவள் பிடியை விடவில்லை. "இதுட தாய வெள்ளம் கொண்டு போயிட்டுது, அக்கா. பால்மா கரைச்சுக் குடுத்தாக் கக்குது."

"கேட்டிருக்கலாமே, பிள்ளை?"

"கேட்டா தந்திருப்பீங்களா?"

தந்திருக்கமாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

"அந்த மனிசனை நான் ஏசேக்க நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

"பயந்திட்டன், அக்கா."

இன்பமலர் கூடையை நிமிர்த்தித் தன் குட்டியை விட்டாள். "வலது காம்பு இதுக்கு. இடது உன்ர குட்டிக்கு. நான் நிக்கேக்க மட்டும்தான்."

பிறகு இருவருமாக றோட்டுக்குப் போனார்கள். தறப்பாளுக்குள் ஹிஸ்புல்லா ஒரு கிடாயின் குளம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் நின்று அது நொண்டத் தொடங்கியிருந்தது.

"நானா, பிழை என்னில. நான் வாய் விட்டிட்டன். திரும்பி வாங்கோ."

அவர் பல்கீஸைப் பார்த்தார். நொண்டிக் கிடாயின் கயிற்றை மட்டும் இன்பமலரிடம் நீட்டினார்.

"இதக் கொண்டு போய்க் காய்ஞ்ச இடத்தில கட்டுங்க. நான் இங்கயே இருக்கிறன்."