அண்ணன் பாகத்துத் தடம்

கணபதியில் வீட்டோடு மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி, மகன் கதிர்வேலைத் தலைமுழுகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூட வேலை பார்க்கும் கிருபாவைத்தான் கட்டுவேன் என்றான் மகன். கிறிஸ்தவ வேதக்காரப் பெண், அதிலும் ஒரு காலத்தில் அவர்கள் காடு தோட்டத்திலேயே கூலிக்கு நின்ற குடும்பத்துப் பெண். அன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிட்டார். அவன் துணிமணி, சுவரில் இருந்த போட்டோ எல்லாம் போயின. கம்ப்யூட்டருக்குள் அவன் மிச்சம் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

தங்கை லோகப்பிரியாவுக்குத் தெரியும். அந்த ஒரே பெட்டியில் கதிர்வேல் இரண்டு குடித்தனம் வைத்திருந்தான். ஒரு பாதியில் விண்டோஸ்; பட்டறைக் கணக்கு அதில் இருந்தது, பார்ப்பவள் அவள். மறு பாதியில் லினக்ஸ். அது அவன் பைத்தியம். ஆன் செய்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கறுப்புத் திரை கேட்கும். அதற்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்தான்: ‘அம்மணி, சாப்ட்டியா? வின்னு அடி.’

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி தினமும் வந்தது. “சாப்ட்டேனுங்கண்ணா” என்று முனகிக்கொண்டே அவள் டபிள்யூ, ஐ, என் என்று மூன்று எழுத்தையும் தட்டுவாள். அண்ணன் பேச்சே எடுக்கக் கூடாத வீட்டில் அவளுக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

மோட்டார் வாங்க வந்த ஒரு வியாபாரி அதையும் கெடுத்தார். “ஏனுங்க, உங்க கம்ப்யூட்டரு சாப்ட்டியான்னு கேக்குதுங்களே!” என்று சத்தமாகப் படித்துச் சிரித்தார். ஆறுச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது. மறுநாளே ரிப்பேர்க்கார பஷீரை வரவழைத்தார்.

“நான் விண்டோஸ்காரனுங்க. லினக்ஸு அவ்வளவாத் தெரியாது. போட்டவரை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்க” என்றார் பஷீர்.

“அவனைக் கேக்க வேண்டீதில்லீங்க. எம்பட பாகம் இருக்கட்டும். அவன் பாகத்தை அழிச்சுப்போடுங்க.”

வெள்ளகோவிலில் பங்காளிகளோடு காடு பிரித்தவர்தான் இந்த ஆறுச்சாமி. எல்லைக்கல் நடும் முன்பே, “என் காட்டுக்கு வண்டித்தடம் யார் காட்டு வழியாப் போகுதுங்க?” என்று கேட்டுப் பத்திரத்தில் ஏற்றியவர். தடமில்லாத காடு இருந்தும் இல்லாத மாதிரி என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்வார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பெட்டிக்குள் பாகம் பிரிக்கும்போது அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

பஷீர் லினக்ஸை அழித்து, அந்த இடத்தைப் புது டிரைவாக்கி, ஆன் செய்தார். அண்ணனின் கேள்வி வரவில்லை. அவன் போட்ட லினக்ஸின் மிச்சமாக எல், ஐ என்று இரண்டே எழுத்து வந்து அப்படியே நின்றது. எத்தனை முறை போட்டாலும் அதே இரண்டு எழுத்து.

“விண்டோஸ் பத்திரமா இருக்குதுங்க. அதுக்குப் போற தடம் அவரு பாகத்து வழியா இருந்திருக்குது. இனி அவரைத்தான் கேக்கோணும்” என்று சொல்லிவிட்டு பஷீர் கிளம்பினார்.

லோகப்பிரியாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. நாளைக்கு அண்ணனுக்கு ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் என்று அவள் காதில் விழுந்திருந்தது. இன்றைக்கு அப்பா ஒரு வார்த்தை வா என்றால், பீளமேட்டு ஆபீசிலிருந்து பறந்து வந்துவிடுவான். பார்த்தால் அப்பா மனசு இளகாதா? மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீரைத் தான் செய்ய வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை. அதற்கு என்ன சேலை எடுப்பது என்று அண்ணனோடு சண்டை கூடப் போட்டிருக்கிறாள்.

“அண்ணனைக் கூப்படட்டுங்களாப்பா?”

ஆறுச்சாமி பேப்பரைப் புரட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அண்ணன் ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பா கூப்படச் சொன்னாராம்மணி?” என்றான் கதிர்வேல். அந்தக் குரலில் இருந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை. ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள்.

“வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

அவர் கை பேப்பரை விட்டுப் பாதி தூரம் எழுந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டது. “எப்படிச் சரி பண்றதுன்னு மட்டும் கேளு.”

அது அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். அவள் ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தாள்.

“டிராயர்ல விண்டோஸ் பிளாப்பி இருக்குது. அதைப் போட்டு ஆன் பண்ணு” என்றான் கதிர்வேல். பிறகு ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னான். அவள் அடித்தாள்.

“இப்ப என்டரைத் தட்டு.”

“தட்டுனா என்னாகுமுங்கண்ணா?”

“நேரா விண்டோஸ் வந்துரும். இனி எதும் கேக்காது.”

“அந்த ரெண்டு எழுத்து?”

“அதும் போயிரும்.”

அவள் விரல் நகரவில்லை. தன்னைத் துடைக்கிற வழியைத் தானே சொல்லித்தருகிறானே என்று இருந்தது அவளுக்கு.

“தட்டு கண்ணு. அப்பாவுக்குக் கணக்கு வேணுமல்லோ.”

தட்டினாள். பிளாப்பியை எடுத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்தாள். பெட்டி எதுவும் கேட்காமல் விண்டோசுக்குப் போனது.

“வந்துருச்சா?”

“வந்துருச்சுங்கண்ணா.”

“சரி, வெச்சர்றேன்” என்றான். நாளைக்கு வா என்று அவளை அவன் அழைக்கவில்லை. அழைத்தால் அவள் அழுவாள் என்று அவனுக்குத் தெரியும். போன் ஓய்ந்தது.

ஆறுச்சாமி பேப்பரை மடித்து வைத்தார். தொண்டையைச் செருமினார்.

“சாப்ட்டானான்னு கேட்டியா அம்மணி?”

லோகப்பிரியா ரிசீவரை வைத்தாள்.

“அவர் வெச்சுட்டாருங்கப்பா” என்றாள்.