ஒத்துக்கிறோம்

ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாட அரசாங்கம் அமர்த்திய வக்கீலம்மா அவள். கோர்ட்டு நடையில் நின்றபடியே கட்சிக்காரர்களிடம் சொல்வாள்: "ஒத்துக்கோப்பா, சீக்கிரம் வெளிய வந்துடலாம். வழக்கு நடத்துனா வருஷக்கணக்குல உள்ளயே கிடப்ப." குற்றம் செய்யாதவனும் தலையாட்டுவான். ஆரம்பத்தில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. பிறகு, சுடுபாத்திரம் பிடித்துப் பழகிய விரல்போல மரத்துப்போயிற்று, கண்ணுகளா.

ஒருநாள் சட்டத்திருத்தக் குழுவின் முன்னால் இலவச வக்கீல்கள் சார்பாக அவள்தான் பேசினாள். குற்றத்தை ஒத்துக்கொள்ளும் முன் ஒவ்வொருவரும் வக்கீலோடு தனியறையில் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும், அதைச் சட்டமாக்குங்கள் என்று கேட்டாள்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டமெல்லாம் இப்ப வேணாம்மா. அறை மட்டும் கட்டித் தர்றோம். இன்னிக்கே முடிச்சுக்கலாம். இல்லேன்னா இழுத்துக்கிட்டே போகும்."

"ஒத்துக்கிறோம்" என்றது அவள் வாய்.

வெளியே வந்ததும் கூட வந்த இளைய வக்கீல் பொரிந்தான். "என்னக்கா, ஒரே வார்த்தையில கவுத்துட்டீங்க! அறையைக் கட்டிப் பூட்டி, சாவிய அவங்களே வச்சுக்குவாங்க. பேரம் பேசினதும் தலையாட்ட நாம என்ன கூண்டுலயா நிக்கிறோம்?"

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. கோர்ட்டுக்குத் திரும்பினாள். நடையில் விலங்கு மாட்டிய பெரியவர் ஒருவர் காத்திருந்தார்.

"நான் எதையும் திருடலைம்மா. ஆனாலும் ஒத்துக்கணுமாமே?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, ஐயா."

அவள் குரலில் உயிரில்லை. ஆனால் கோர்ட்டுக்குள்ளேயிருந்து அவர் வழக்கைக் கூப்பிட்டபோதும் அவள் எழவில்லை.