ஆறாம் இலக்கக் கிணறு

ஆறாம் இலக்கக் குழாயிலிருந்து மேலே வந்த தண்ணீரின் முகத்தில் வானவில் படர்ந்திருந்தது. குலசிங்கம் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. மண்ணெண்ணெய் மணம் விரல்களிலேயே ஏறிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் இதே குழாயில் தெளிந்த தண்ணீரை எடுத்து, வேலை சரி என்று கையொப்பம் வைத்தவன் அவன்தான்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பழைய எண்ணெய்க் களஞ்சியத்தைச் சுற்றி ஒன்பது கிணறுகள் போடும் வேலை அது. குடிப்பதற்கு அல்ல, சிந்திய எண்ணெய் நிலத்துக்குக் கீழே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு. மேல்மண்ணில் எண்ணெய் ஊறிக் கிடந்தது. அதன் கீழே ஒரு களிப்படை. அதற்கும் கீழே ஊர்க் கிணறுகளுக்கு ஊறுகிற நல்ல தண்ணீர். துளை அந்தக் களியைக் கடந்துதான் போகவேண்டும். ஆகவே குழாயை இறக்கி, அடியில் பரல்மணல் இட்டு, அதற்கு மேல் நனைந்தால் பொங்கி இறுகும் களித்தூளைக் கொட்டி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிட வேண்டும்.

ஆறாம் கிணறு போட்ட அன்று களித்தூள் மூடைகளைச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். சாம்பல் நிறத் தூள், வெடிமருந்தோ என்று சந்தேகம். எழுத்தில் அனுமதி வர மூன்று கிழமையாகும் என்றார்கள். உள்ளே நின்று வேலை செய்யத் தந்த அனுமதிப் பாஸ் அன்று நாலு மணியோடு முடிந்தது. துளை போட்ட ஸெய்னுதீன் கிண்ணியாக்காரர், இந்த வேலையில் முப்பது வருடம் பழுத்தவர். துளையைத் தாங்கி நின்ற இரும்புக் குழாயைக் கழற்றாமல் பூட்டிவிட்டுப் போகலாம், களி வந்த பிறகு பார்க்கலாம் என்றார். அப்படியான இரும்புக் குழாய் ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. அதை இங்கே விட்டால் மீதி மூன்று கிணறும் நின்றுபோகும். வேலை முடிந்தால் ஆவணியில் அவனுக்குக் கலியாணம். குலசிங்கம் தோண்டிய மண்ணையே கொட்டச் சொன்னான்.

"களி இல்லாம மூடினா இது கிணறில்ல தம்பி, எண்ணெயைக் கீழ இறக்கிற புனல்," என்றார் ஸெய்னுதீன். சொல்லிவிட்டு மண்ணைக் கொட்டினார்.

பிறகு குழாய்க்குள் கம்பி நுனியில் பூட்டிய வட்டத் தட்டையை மேலும் கீழும் இடித்து இடித்துக் கலங்கலை இறைத்தார்கள். முதலில் சேறு, பிறகு பழுப்பு, மூன்று மணிக்குத் தெளிந்த தண்ணீர். அந்தத் தெளிவை நம்ப அவனுக்கு ஆசையாக இருந்தது.

வேலிக்கு அப்பால் கமலேஸ்வரி வீடு. அந்த வீட்டுத் தேத்தண்ணியில் தொடங்கிய பழக்கம்தான் கலியாணப் பேச்சு வரை போயிருந்தது. அவளுடைய தகப்பன் அருளம்பலம் முற்றத்தில் வள்ள எஞ்சின்கள் திருத்துபவர். போன மாதம் அவர்களுடைய கிணறு மணக்கத் தொடங்கியது. மூன்று வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். எஞ்சின் கழுவின தண்ணியில் ஊருக்கே தேத்தண்ணி வைத்துத் தந்தவர் என்று பக்கத்து வீட்டு இராசமலர் படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனாளாம். அன்றிலிருந்து அப்பா எஞ்சின் கழற்றும் சாவி எதையும் தொடவில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை என்று கமலேஸ்வரி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு அவன் பதில் போடவில்லை.

போத்தலை மூடி வைத்துவிட்டு வேலியைச் சுற்றிப் போனான். கமலேஸ்வரி கிணற்றுக் கட்டில் காலை ஊன்றி வாளி இழுத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அப்பா கிணத்துக்குள்ள நிக்கிறார். இறைச்சுச் சுரண்டினா மணம் போயிடுமாம். இந்த வயசில ஏலாது எண்டு சொன்னா, என்ர பிழையை நான்தான் கழுவ வேணுமாம்."

அவன் கயிற்றை வாங்கிக்கொண்டான். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆர், தம்பியே? நல்லது, பிள்ளைக்குக் கை நொந்துபோச்சு. படிச்சனீங்கள், ஒருக்கா மணந்து பாத்துச் சொல்லுங்கோ. குறைஞ்சிருக்கே?"

வாளியில் வந்த சேற்றின் மேல் அதே வானவில். குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். கமலேஸ்வரியும் அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அதைச் சொன்னால் அந்த மனிதர் நாளைக்கும் இறங்குவார், நாளை மறுநாளும் இறங்குவார்.

"ஐயா, மேல வாங்கோ. இது நீங்கள் கழுவின எண்ணெய் இல்லை. வேலிக்கரையில நான் போட்ட கிணத்தை ஒழுங்கா அடைக்கேல்ல. தெரிஞ்சுதான் விட்டனான்."

கீழே தண்ணீர் அசையும் சத்தம் நின்றது. கமலேஸ்வரி கிட்ட வந்து, அவன் கையிலிருந்து கயிற்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

கீழே அவர் பிடித்ததும் கயிறு இறுகியது. சுவரின் கால்குழிகளில் மிதித்து மிதித்து ஏறும் மூச்சு மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. கறுத்த சேறு வழியும் ஒரு கை கிணற்றுக் கட்டைத் தடவிப் பிடித்தது. குலசிங்கம் குனிந்து தன் கையை நீட்டினான். அந்த விரல்கள் சீமெந்தைப் பற்றியபடி, சேறு சொட்டச் சொட்ட, அங்கேயே நின்றன.